வெள்ளைத் தண்டு மரம் ஒண்ணு வாசல்ல வேணும்: பிர்ச்சா, மருதா, வெட்பாலையா?

போன வருஷம் ஜூன் கடைசில என் பையன் வீடியோ கால்ல அவன் குடியிருக்கற வீட்டு வாசலைக் காட்டுனான். கதவுக்கு ரெண்டு பக்கமும் ஆளுயரத்துக்கு ரெண்டு இளமரத்தை வெட்டிக் கொண்டாந்து நிறுத்தியிருந்தாங்க, நம்ம ஊர்ல கல்யாண வீட்டுக்கு வாழை மரம் கட்டுவோமே அதே மாதிரி. அவன் இருக்கறது பின்லாந்து, தாம்பெரேன்னு ஒரு ஊரு, அங்க நடுக்கோடைத் திருநாளுக்கு பிர்ச் மரத்தை அப்படித்தான் வாசல்ல வெப்பாங்களாம். அப்பறம் போனைத் திருப்பி வீட்டுக்குப் பின்னாடி காட்டுனான் பாருங்க, வரிசையா வெள்ளை வெளேர்னு தண்டு, நடுநடுவுல கறுப்புக் கீத்து, மேல சின்னச் சின்ன இலை காத்துல சலசலன்னு ஆடுது. "மா, நம்ம புது வீட்டு முன்னாடி இது ஒண்ணு வெக்கலாமா"ன்னு கேட்டான். அன்னிக்கி ஆரம்பிச்ச தேடல் பத்து மாசம் ஓடிருச்சி.

எங்க வீடு தருமபுரில பென்னாகரம் ரோட்டுப் பக்கம். கிழக்கு பாத்த வாசல், முன்னாடி 14 அடிக்கு 22 அடி மண்ணு விட்டிருக்கோம், வடகிழக்கு மூலைல சம்ப் இருக்குது, ரோட்டோரமா ஈ.பி. லைன் போகுது. இந்த அளவுக்குள்ளதான் எல்லாக் கணக்கும். உங்க வீட்டு அளவு வேறயா இருந்தா முடிவும் வேறயா வரும், அதனாலதான் எனக்கு ஆகாததையும் சேத்து விவரமா எழுதறேன்.

முதல்ல அவன்கிட்ட ஒண்ணு கேட்டேன், கண்ணு உனக்கு அந்த மரமேதான் வேணுமா, இல்ல அந்த மரத்துல எது புடிச்சிருக்கு, அதைச் சொல்லுன்னேன். யோசிச்சி யோசிச்சி சொன்னான். வெள்ளைத் தண்டு. பட்டை காயிதம் மாதிரி உரியறது. அடர்த்தியா இருட்டடிக்காம சல்லடை மாதிரி விழற நிழல். இலை உதிர்றதுக்கு முன்னாடி மஞ்சளா மாறுறது. ஒல்லியா நிக்கிறது. இந்த அஞ்சையும் ஒரு நோட்டுல எழுதி வெச்சிக்கினேன். மரம் தேடறவங்க எல்லாரும் இதை முதல்ல பண்ணணும்னு நான் நெனைக்கிறேன், ஏன்னா பேரை மட்டும் புடிச்சிக்கினு நர்சரிக்குப் போனா என்ன ஆகும்னு கீழ சொல்றேன்.

சரி, அசல் பிர்ச்சையே முதல்ல பாத்துருவோம். தோட்டத்துல அழகுக்கு வெக்கிறது பெரும்பாலும் சில்வர் பிர்ச், பின்லாந்துக்காரங்க 1988ல அதைத்தான் தேசிய மரமா தேர்ந்தெடுத்தாங்க. நம்ம நாட்டுலயும் பிர்ச் இருக்குது, பூர்ஜ மரம்னு சொல்றது அதுதான், இமயமலைல சுமார் 3000 மீட்டருக்கு மேல வளருது. அந்தப் பட்டையை உரிச்சிதான் வடக்க ஏடு எழுதினாங்க, நம்ம பக்கம் பனை ஓலை எப்படியோ அப்படி. 1881ல இன்னிக்கிப் பாகிஸ்தான்ல இருக்கற பக்ஷாலிங்கற ஊர்ல மண்ணுல இருந்து தோண்டி எடுத்த கணக்கு ஏடு கூட பூர்ஜப் பட்டைதான். கங்கோத்திரிக்கு மேல போஜ்பாசான்னு ஒரு இடம், பேரே அந்த மரத்துனால வந்தது, இன்னிக்கி அங்க அந்த மரம் கிட்டத்தட்ட இல்ல, விறகுக்கே வெட்டித் தீத்துட்டாங்க.

ஏன் தண்டு வெள்ளையா இருக்குதுன்னு தேடுனப்பதான் எனக்கு விஷயம் புரிய ஆரம்பிச்சிது. பெட்டுலின்ங்கற ஒரு பொருள் பட்டைல இருக்குது, அதான் அந்த வெள்ளை. பனிக்காலத்துல தரையெல்லாம் பனி, வெயில் நேராவும் அடிக்குது பனில பட்டு எகிறியும் அடிக்குது, கறுப்புத் தண்டா இருந்தா பகல்ல சூடாகி ராத்திரி உறைஞ்சி பட்டை வெடிச்சிரும், வெள்ளையா இருந்தா வெயிலைத் திருப்பி அனுப்பிரும். நம்ம ஊர்ல பழமரத் தண்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கறோமே, அந்த வேலையைத்தான் அது தானா பண்ணிக்குது. அப்ப அந்த வெள்ளையே குளிருக்காக வந்த வெள்ளை.

குளிரு அதுக்கு அழகுக்கு இல்ல, உசுருக்கு. இலையை உதிர்த்துட்டு சில மாசம் குளிர்ல தூங்கணும், அப்பதான் மொட்டு ஒழுங்கா விரியும். தருமபுரில மார்கழி விடியக்காலைலயே 17, 18 டிகிரி வாக்குலதான் இருக்கும், அது அந்த மரத்துக்குத் தூக்கமே இல்ல. இன்னொரு பக்கம் ஏப்ரல் மே வெயில், 38 டிகிரி சர்வசாதாரணம். பிர்ச்சோட வேரு ஆழமா போகாது, மேலாக்கப் படரும். தலை வெயில்ல இருக்கணும், கால் நிழல்ல ஈரத்துல இருக்கணும், அதான் அதோட குணம். நம்ம செம்மண்ணு சித்திரைல தொட்டா சுடுதே, அந்தச் சூட்டுல மேலாக்க இருக்கற வேரு என்ன பாடுபடும்.

மூணாவது விஷயம் தண்ணி. எங்க போர் 900 அடி, தண்ணி கடுப்பு, பாத்திரத்துல வெள்ளைப் படிவு நிக்கும். நம்ம தருமபுரி, கிருஷ்ணகிரி ரெண்டு மாவட்டத்துலயும் நிலத்தடித் தண்ணில ஃபுளோரைடு அதிகம்ங்கறது எல்லாருக்கும் தெரிஞ்ச சோகம், பல்லுல கறையோட ஒரு தலைமுறையே வளந்துச்சி, 2013ல ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்த பிறகுதான் குடிக்கறதுக்காவது ஒரு வழி பொறந்துச்சி. ஆனா செடிக்கு ஊத்தறது இன்னிக்கும் போர் தண்ணிதானே. பிர்ச்சுக்குக் கொஞ்சம் புளிப்பு மண்ணு வேணும், புளிப்பைக் காட்டற பி.எச். அளவு (எண்ணு கொறைய கொறைய புளிப்பு அதிகம்) 5லிருந்து 6.5 வரைக்கும். எங்க முன்வாசல் மண்ணைப் பரிசோதனைக்குக் குடுத்தோம், 8.1ன்னு வந்துச்சி, ரெண்டடிக்குக் கீழ சுக்கான், அதான் சுண்ணாம்புக் கல்லு வேற. அந்த மாதிரி மண்ணுல இரும்புச்சத்து இருந்தும் வேரால எடுக்க முடியாது, இலை வெளுத்து நரம்பு மட்டும் பச்சையா நிக்கும், நம்ம நெலக்கடலைல பாப்போமே அதே வெளுப்பு.

சிலர் ரிவர் பிர்ச்னு ஒண்ணு இருக்குது அது வெயில் தாங்கும்னு சொல்வாங்க. உண்மைதான், அமெரிக்காவோட தென்கிழக்குல ஆத்தோரமா வளர்ற ரகம் அது, பிர்ச் வகையிலேயே சூடு அதிகமா தாங்கறது அதுதான். ஆனா அதுக்கும் புளிப்பு மண்ணும் எப்பவும் காயாத ஈரமும் வேணும், தண்டும் வெள்ளை இல்ல, இளஞ்சிவப்பு கலந்த பழுப்புதான் வரும். அதுக்காக இவ்ளோ பாடுபட்டு வெள்ளையும் கெடைக்கலன்னா எதுக்கு?

நேரா மண்ணுல வெக்கறது ஆகாதுன்னு முடிவாச்சி, அப்ப தொட்டி? ஓசூர்ல இருக்கற என் அத்தை பையன் வீட்டுல தொட்டில ஒண்ணு வெச்சாங்க. ஓசூர் கடல்மட்டத்துல இருந்து சுமார் 900 மீட்டர், ரோஜா நல்லா வர்ற ஊரு, நம்மளவுக்கு வெயில் இல்ல. பெரிய சிமெண்ட் தொட்டி, தேங்காநார்க் கழிவும் இலைமக்கும் போட்டு, மழைத்தண்ணி புடிச்சி வெச்சி அதை மட்டும் ஊத்தி, பகல்ல பச்சை வலை கட்டி, குழந்தையைப் பாக்கற மாதிரிதான் பாத்தாங்க. முதல் வருஷம் தளிர் நல்லாத்தான் வந்துச்சி. ரெண்டாவது ஏப்ரல்ல இலை ஓரமெல்லாம் கருகி உதிர்ந்துச்சி, ஆடில திரும்ப துளிர்க்கும்னு காத்திருந்தாங்க, துளிர்க்கல. அவங்க அழுததை நான் பாத்தேன். வெளுத்த தண்டு வர்றதுக்கே சில வருஷம் ஆகும், இளசுல எல்லாம் பழுப்பாத்தான் இருக்கும், அந்த வெள்ளையைப் பாக்காமலே போயிருச்சி. தளி, ஓசூர்ப் பக்கம் இருக்கறவங்க ஆசைப்பட்டா இதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன், ஆனா தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் யாரும் இந்த வேலைல எறங்காதீங்க, அது மரத்தைச் சித்திரவதை பண்றதுதான்.

இன்னொண்ணையும் சொல்லிர்றேன். பையன் வரும்போது பெட்டில ஒரு கன்னு, இல்ல ஒரு பிடி விதை கொண்டாறட்டுமான்னு கேட்டான். வேணாம்னுட்டேன். வெளிநாட்டுச் செடி விதை எது வந்தாலும் இறக்குமதி அனுமதியும் அந்த நாட்டுப் பயிர்நலச் சான்றிதழும் வேணும், 2003ல போட்ட உத்தரவு அது. நம்ம மாந்தோப்புக்கும் ரோஜாவுக்கும் தெரியாத பூச்சி ஒண்ணு அந்த மண்ணுல ஒட்டிக்கினு வந்துச்சின்னா யாரு பதில் சொல்றது.

ஆனா அவன் குடியிருக்கற வீட்டுல தோட்டத்தை இவனே பாத்துக்கறான், அதனால அங்க இருக்கற பிர்ச்சுக்கு என்ன பண்ணணும்னு நானும் அவனும் சேந்து கத்துக்கிட்டோம். வெளிநாட்டுல பிள்ளைங்க இருக்கறவங்களுக்கு உதவும். கவாத்து இளவேனில்ல பண்ணவே கூடாது, அந்த நேரம் மரத்துல சாறு ஏறிக்கினு இருக்கும், வெட்டுன எடத்துல இருந்து சொட்டிக்கினே இருக்கும். அந்தச் சாறைத்தான் அங்க ஏப்ரல்ல புடிச்சிக் குடிக்கறாங்க, நம்ம பதனி மாதிரி. இலை முழுசா விரிஞ்சி முத்துன பிறகு, ஜூலை ஆகஸ்டுல வெட்டுனா சொட்டாது. அடில மரத்தூள் சில்லு மூணு விரக்கடை கனத்துக்குப் போட்டு வேரைக் குளுமையா வெக்கணும், ஆனா தண்டுல ஒட்டக் கூடாது. மழை இல்லாத வாரத்துல தினம் தினம் தெளிக்காம ஒரு தடவை ஊற ஊற ஊத்தணும். முக்கியமா பட்டையைக் கையால உரிக்கக் கூடாது, தானா உரியறது வேற, நாம உரிக்கறது வேற, உயிருள்ள உள்பட்டை கிழிஞ்சா அந்தக் கறுப்புத் தழும்பு ஆறவே ஆறாது. மே மாசம் மகரந்தம் பறக்கும், வடக்கு ஐரோப்பால நிறைய பேருக்குத் தும்மலும் கண்ணெரிச்சலும் அதனாலதான், என் பையனுக்கும் அந்த மாசம் மூக்கடைப்பு.

சரி, நம்ம ஊருக்கு வருவோம்.

பேரைப் புடிச்சிக்கினு போனா என்ன ஆகும்னு சொன்னேன்ல. ஆன்லைன்ல ஒரு விக்கிறவங்க "சில்வர் பிர்ச் கன்று"ன்னு போட்டிருந்தாங்க, வெள்ளைத் தண்டு படம் போட்டு. வாங்குனோம். வந்த கன்னுல இலை பெரணி மாதிரி வெட்டு வெட்டா, அடில வெள்ளி மாதிரி மினுக்கு. பாத்ததுமே எனக்குச் சந்தேகம், வத்தல்மலைல காப்பித் தோட்டத்துல நிழலுக்கு நிக்குதே சில்வர் ஓக், அதேதான் அது. பிர்ச் இலை தனி இலை, முக்கோணமா, ஓரத்துல ரம்பப் பல்லு இருக்கும். பேர்ல சில்வர் இருக்குதுங்கறதைத் தவிர ரெண்டுக்கும் ஒரு ஒட்டும் இல்ல. சில்வர் ஓக்கு ஆஸ்திரேலியாக்காரன், தண்டு கருஞ்சாம்பல், பொளந்து பொளந்து இருக்கும், வருஷம் பூரா இலை கொட்டும், பெருங்காத்துல கிளை முறியும். காட்டு வரப்புல பலகைக்காக வெக்கறவங்களுக்கு நல்ல மரம், மிளகு ஏத்தறவங்களுக்கும் நல்ல மரம், வீட்டு வாசலுக்கும் ஈ.பி. லைனுக்கும் நடுவுல வெக்கற மரம் இல்ல. அந்தக் கன்னை மலையில இருக்கற சொந்தக்காரங்களுக்குக் குடுத்துட்டோம்.

படத்தைக் காட்டுனா நர்சரில அடுத்து எல்லாரும் சொல்றது தைலமரம். கிருஷ்ணகிரிப் பக்கம் நீலகிரி மரம்னுதான் சொல்லுவாங்க. பாக்கறதுக்கு மட்டும்னா இதை மிஞ்ச ஒண்ணும் இல்ல, ஒத்துக்கறேன், வழவழன்னு வெள்ளைத் தண்டு, பட்டை நீள நீளமா உரிஞ்சி தொங்கும், ஒல்லியா நெட்டுக்குத்தா நிக்கும். அஞ்சுல நாலு பொருத்தம். ஆனா வீட்டுக்குப் பக்கத்துல வேணவே வேணாம். அறுபது எழுபது அடி போகும், நல்லா இருக்கற கிளையே திடீர்னு முறிஞ்சி விழும், உதிர்ந்த இலை எண்ணெய்ப் பசையோட சீக்கிரம் மக்காது, அடில ஒரு துளசிகூட ஒழுங்கா வராது. ஏற்கனவே போர் 900 அடிக்குப் போன ஊர்ல இவ்ளோ தண்ணி குடிக்கற மரத்தை அழகுக்குன்னு வெக்க எனக்கு மனசு வரல.

அடுத்தது எனக்கு ரொம்பப் புடிச்ச மரம், நீர்மருது. இதைச் சொல்றதுக்காக ஒரு ஞாயித்துக்கிழமை ஒகேனக்கல் போய் அதுக்குன்னே பாத்துட்டு வந்தோம். எத்தனை வாட்டி போயிருப்போம், எண்ணெய் தேச்சிக் குளிச்சிட்டு மீன் சாப்ட்டு வந்துருவோம், கரைல நிக்கற மரத்தை யாரு நிமிந்து பாத்தா? காவேரி ஓரமா வரிசையா நிக்குது, வெளிறின சாம்பல் தண்டு, சில எடத்துல வெள்ளை, சில எடத்துல லேசா பச்சையும் ரோசும் கலந்த மாதிரி, பட்டை பெரிய பெரிய ஏடு ஏடா கழண்டு விழுது, கழண்ட எடத்துல புதுத்தோல் குழந்தைத் தோல் மாதிரி. சாயங்கால வெயில் அதுல பட்டப்ப என் வீட்டுக்காரரு "இதுக்கா அவ்ளோ தூரம் போய்த் தேடுனோம்"னு சொன்னாரு.

நம்ம பக்கத்துல மூணு பாஷை புழங்குதில்ல, மூணுலயும் இந்த மரத்தோட பேரு அழகு. தமிழ்ல நீர்மருது, தண்ணியைச் சொல்லுது. கன்னடத்துல ஹொளெ மத்தி, ஹொளென்னா ஆறு. தெலுங்குல தெல்ல மத்தி, தெல்லன்னா வெள்ளை. தண்ணியோரத்து வெள்ளை மரம்னு மூணு பேரும் சேந்து சொல்லிட்டாங்க, பையன் கேட்டதும் அதானே.

இதுக்கு இருக்கற ஒரே தடை எடம். 60, 80 அடி உயரம் போகும், அடித்தண்டு முட்டுக் குடுத்த மாதிரி அகலமாகும், கிளை நாலா பக்கமும் விரிஞ்சி தொங்கும். வீட்டுச் செவுத்துல இருந்து கொறஞ்சது 20, 25 அடி தள்ளி வெக்கணும்னு நான் சொல்லுவேன். எங்க 14 அடிக்குள்ள அது அடங்காது, வருஷா வருஷம் தலையை வெட்டி வெட்டி வளக்கறதுக்கு அது குரோட்டன்ஸ் இல்ல. காட்டுல வீடு கட்டியிருக்கறவங்க, கெணத்து மேடு, தொட்டித் தண்ணி ஓடற வாய்க்கா, சமையக்கட்டுக் கழிவுத்தண்ணி போற எடம் இருக்கறவங்க தயவுசெஞ்சி யோசிக்காம இதை வைங்க, பிர்ச்சு பக்கமே போகாதீங்க. முதல் ரெண்டு மூணு கோடை தண்ணி காட்டுனா போதும், ஈரம் கெடைக்கற எடமா இருந்தா அப்பறம் அதுவே பாத்துக்கும். மருதம்பட்டை இதயத்துக்கு நல்லதுன்னு ரோட்டோர மருத மரத்தையெல்லாம் கத்தி வெச்சி சீவிக்கினு போறாங்க, அதைப் பாக்கறப்ப வயிறு எரியுது, சுத்தியும் சீவுன மரம் பட்டுப் போயிரும். நாட்டு மருந்துக்கடைல வாங்கிக்கலாமே.

கொய்யாவைப் பத்தியும் ஒரு வார்த்தை. யாரும் அழகு மரமா நெனைக்கறதில்ல, ஆனா பட்டை உரியறதுல கொய்யா பிர்ச்சுக்குச் சித்தப்பா பையன் மாதிரி, செம்பு நெறத்துல மெல்லிசா சுருண்டு உரியும், உள்ள பச்சையும் சந்தனமும் கலந்து வழவழன்னு இருக்கும். லக்னோ 49 ரகம் நம்ம பக்கம் நல்லா வருது, 15 அடிக்குள்ள வெச்சிக்கலாம், அடிக்கிளையைக் கழிச்சி விட்டா தண்டு தெரியும். வெள்ளை கெடைக்காது. மழைக்காலக் காய்ல பழ ஈ புழு வைக்கும், விழுந்த பழத்தைப் பொறுக்கிப் பொதைக்கணும். சின்ன எடம், குழந்தைங்க இருக்கற வீடு, வெள்ளைத் தண்டுதான்னு புடிவாதம் இல்லைன்னா இதுவே போதும்.

கடைசியா வெட்பாலை. வெப்பாலைன்னும் சொல்லுவாங்க. தருமபுரிக்காரங்களுக்கு இது மருந்துச் செடி, எங்க ஆயா இலையைக் கிள்ளி கண்ணாடி பாட்டில்ல தேங்காண்ணெய்ல போட்டு வெயில்ல வெப்பாங்க, நாலஞ்சு நாள்ல எண்ணெய் ஊதாவா மாறிரும், பொடுகுக்கும் தோல் அரிப்புக்கும் தேய்ப்பாங்க. இதையே வாசல் மரமா நெனைக்கணும்னு எனக்குத் தோணினது தொப்பூர்க் கணவா வழியா பஸ்ல வந்தப்ப. மாசி மாசம், மலைச்சரிவு பூரா காஞ்சி கெடக்குது, நடுவுல ஒல்லி ஒல்லியா வெளிறின தண்டோட ஒரு இலை இல்லாம நாலஞ்சு மரம் கும்பலா நிக்குது, பையன் பனிக்காலத்துல அனுப்புன போட்டோ அப்படியே கண்ணு முன்னாடி வந்துச்சி. அடுத்த மாசம் அதே எடத்துல மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ, வாசனை.

அந்த நோட்டை எடுத்து வெச்சிக்கினு பாத்தேன். தண்டு சுண்ணாம்பு வெள்ளை இல்ல, வெளிர் சாம்பல், வழவழப்பு, வெயில் பட்டா வெள்ளையாத் தெரியும். பட்டை உரியாது, அது ஒரு கொறைதான். நெழல் சல்லடை நெழல், சரியா வருது. இலை உதிர்றதுக்கு முன்னாடி மஞ்சளாகும். ஒல்லியா, பெரும்பாலும் 20, 25 அடிக்குள்ள நிக்கும். இதுக்கு மேல பிர்ச்ல இல்லாத ரெண்டு விஷயம் இருக்குது, வாசனைப் பூ, அப்பறம் ஜோடி ஜோடியா தொங்கற நீளக் காய், வெடிச்சா விதை பட்டு மாதிரி பஞ்சோட பறக்கும். கட்டையும் வெள்ளைதான், தந்தம் மாதிரி, கர்நாடகாவுல இருக்கற சென்னபட்டணத்துல மரப்பொம்மை கடையறது இந்தக் கட்டைலதான், பெங்களூர் போயிட்டு வரும்போது நாம வாங்கிட்டு வர்ற அந்தக் கலர் பொம்மை.

சுக்கான் மண்ணு, வெயில், கடுப்புத் தண்ணி, எதுவும் இதுக்குப் புதுசு இல்ல, இந்த மலைலயே பொறந்து வளந்தது.

வீட்டுல ஒரு எதிர்ப்பு வந்துச்சி. என் மாமியாருக்கு 81 வயசு, "பால் வடியற மரத்தை வாசலுக்கு நேரா வெக்கக் கூடாதும்மா"ன்னுட்டாங்க. வெட்பாலைல கிள்ளுனா பால் வரும், உண்மைதான். நிறைய வீட்டுல இந்த நம்பிக்கை இருக்குது, நான் அவங்ககிட்ட வாதம் பண்ணல, அவங்க அந்த வாசல்லதான் நாள் பூரா ஒக்காந்திருக்கப் போறவங்க, அவங்க மனசு சங்கடப்பட்டா அந்த நெழல்ல என்ன சுகம். வாசலுக்கு நேரா இல்லாம தென்கிழக்குப் பக்கமா காம்பவுண்டு ஓரம் வெக்கறோம் அத்தைன்னு சொன்னேன், சரின்னாங்க. அந்தப் பக்கம் சம்பும் இல்ல, லைனும் இல்ல, எனக்கும் அதான் நல்லதாப் போச்சி. பாலைச் சாக்கா சொல்லி மரத்தையே வேணாங்கற வீடா இருந்தா கொய்யாவுக்குப் போயிருங்க.

ஒத்தை மரமா வெக்கப் போறதில்ல. வெளிநாட்டுல பிர்ச்சை மூணா சேத்துக் கும்பலா நடறாங்க, ஒத்தைத் தண்டைவிட மூணு தண்டு கிட்ட கிட்ட நின்னா வெள்ளை எடுப்பாத் தெரியும், அதையே இங்க பண்றோம். நாலடிக்கு ஒண்ணா முக்கோணமா மூணு குழி, ஒவ்வொண்ணும் ரெண்டடி நீளம் அகலம் ஆழம், சுக்கான் தட்டுப்பட்டா கடப்பாரை போட்டு ஒடச்சி எடுத்துறணும், இல்லைன்னா குழி தொட்டி மாதிரி தண்ணி நின்னு வேரு அழுகும். மேல்மண்ணோட மக்குன சாணி எருவும் ஒரு கை வேப்பம் புண்ணாக்கும் கலந்து போட்டா போதும். மூடாக்குக்கு நம்ம ஊர்ல கெடைக்கற கடலைத் தோல், இது மட்டும் பிர்ச்சுகிட்ட இருந்து கத்துக்கிட்ட பாடம், தண்டுல ஒட்டாம ஒரு ஜாண் தள்ளி. ஆள் உயரம் வந்த பிறகு கீழ் கிளையை ஒவ்வொண்ணா கழிச்சா தண்டு கண்ணுக்குத் தெரியும், ஒரே வருஷத்துல மொட்டையடிச்சிறக் கூடாது. முதல் ரெண்டு கோடைக்கு வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி. கன்னு வனத்துறை நாத்தங்கால்ல கேட்டு வெச்சிருக்கோம், தனியார் நர்சரில பல எடத்துல இது இருக்காது, இலையைக் கிள்ளிப் பால் வருதான்னு பாத்துட்டே வாங்குங்க, நான் ஏமாந்த மாதிரி ஆகக் கூடாது.

பையன்கிட்ட சொன்னப்ப கொஞ்ச நேரம் பேசல. அப்பறம் "மா, உரியற பட்டை இல்லையே"ன்னான். ஒகேனக்கல்ல எடுத்த மருத மரத்துப் போட்டோவை அனுப்புனேன், என் அண்ணன் காடு பாலக்கோட்டுப் பக்கம் இருக்குது, கெணத்து மேட்டுல ஒரு கன்னு வெச்சிக்கலாம்னு அண்ணனும் சொல்லிட்டாரு. அவன் ஆடி மாசம் லீவுல வர்றான். குழி மூணும் இங்க வெட்டி ஆற விட்டிருக்கோம், நாலாவது அங்க அவனே வெட்டறேன்னு சொல்லியிருக்கான்.